ஓரின் போட்ட தகரங்கள்

மார்ச் மழை ஓய்ந்து வெயில் முதன்முதலாகச் சூடு பிடித்த சனிக்கிழமை அது. குளத்தில் தவளைகள் கத்தத் தொடங்கிவிட்டன. கென்டக்கி மலையடிவாரத்தின் பழைய மேய்ச்சல் நிலத்தில், கையில் கொக்கிக் கம்பியோடு வந்து நின்ற டெல்ஃபியா ஹால்சி, கீழ்ச்சரிவில் கிடந்த தன் தகரங்களைப் பார்க்கவில்லை. மேல்சரிவில் கிடந்த ஓரினின் தகரங்களையே பார்த்தாள். அவற்றின் விளிம்புகளில் புல் மண்டிக் கிடந்தது.

கூரையிலிருந்து கழற்றிய துருத்தகரம் யாருக்கு வேண்டும்? இவர்களுக்கு வேண்டும். புல்வெளியில் பரப்பிவிட்டால் அதன் அடியில் சூடும் ஈரமும் தங்கும். சூட்டைத் தேடிப் பாம்பு வரும். ஈரத்தைத் தேடி, பல்லியின் உருவமும் தவளையின் தோலும் கொண்ட சாலமாண்டர் வரும். மெல்லத் தூக்கி, கண்ணாரக் கண்டு, இருந்தபடியே மூடிவிட்டு நடப்பார்கள். பிடிப்பதில்லை, கொல்வதில்லை. பாம்பைச் சாத்தானின் பிள்ளை என்று பிரசங்க மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மண்வெட்டியைத் தூக்கும் மனிதர்கள் நிறைந்த ஊரில், இப்படியும் சிலர் இருந்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. போட்டவர்தான் தூக்கவேண்டும். ஒரு வருடப் புல் விளிம்பின்மேல் பின்னிக்கொண்டால், போட்டவர் கைவிட்டார் என்று பொருள். பிறகு சாட்சி ஒருவர் முன் தூக்கி, ‘என்னுது’ என்று சொல்பவருக்கே அந்தத் தகரம்.

டெல்ஃபியாவும் ஓரினும் கணவன் மனைவியாய் இருந்தபோது, ஆளுக்கொரு முனை பிடித்துச் சுமந்து வந்து போட்ட தகரங்கள் அவை. மணம் முறிந்தபோது மேல்சரிவு அவனுக்கு, கீழ்ச்சரிவு அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். விட்டுப் போனவனை ஊர் மன்னித்தது. பாம்பைத் தொட்ட கையோடு தனித்து வாழத் துணிந்தவளை மன்னிக்கவில்லை. ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு ஒரு தராசு! இண்டியானாவுக்கு வேலைக்குப் போன ஓரின், வசந்தத்தின் முதல் சூட்டில் தவறாமல் வந்தான். மேலிருந்து தொப்பியைத் தூக்குவான். கீழிருந்து இவள் கொக்கியைத் தூக்குவாள். பேச்சில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தை உண்டுதான் டெல்ஃபியாவின் நெஞ்சு ஆண்டு முழுவதும் உயிர் வாழ்ந்தது.

போன வசந்தத்தில் அவன் வரவில்லை.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற?" என்று மூச்சிரைக்க ஏறி வந்தாள் டிரெஸ்ஸி. பள்ளிச் சமையற்கூடத்தில் டெல்ஃபியாவோடு வேலை பார்ப்பவள், தேடலிலும் துணை. "அழகான பாம்பெல்லாம் மேல படுத்துக்கிட்டு, கீழ நீ வெறும் எறும்பு பாக்குறதப் பாத்துச் சிரிக்குதுடி. புல்லு பின்னிக் கெடக்கு. நீ தூக்குறியா, நான் தூக்கட்டுமா?"

"அவன் வருவான்."

"எப்ப? பாம்புக்குக் கால் முளைச்ச பெறகா?"

டிரெஸ்ஸி மேல்சரிவின் முதல் தகரத்தருகே குனிந்து அதன் விளிம்பைத் தடவினாள். புதுப்புல்லுக்கு அடியில், போன ஆண்டின் காய்ந்த புல் சீவியதுபோல் ஒரே நேராக நின்றது. அவள் நிமிர்ந்து தோழியைப் பார்த்தாள்.

"இது கத்தி வெட்டு. ஓரின் கொக்கியப் போட்டு மொரட்டுத்தனமாப் பிச்சு எடுக்கற ஆளு. நீதானடி வெட்டின? அவன் வந்து போன மாதிரி நாங்க நெனைக்கணும்னு?"

டெல்ஃபியாவின் முகம் சிவந்தது. "தகரத்தத் தூக்கல. போன வருஷம் புல்ல மட்டுந்தான் அறுத்தேன்."

"ஆமா, பெரிய யோக்கியம்!" என்று சிரித்த டிரெஸ்ஸி, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இலை உதிர் காலத்துல ஒரு சாவு வீட்டுல அவனப் பாத்தேன். புதுப் பொண்டாட்டியோட வந்திருந்தான். தூக்கிவாரிப் போட்டுச்சு. சரிவு எப்படியிருக்கு, நீங்க பேரு வச்ச அந்தப் பாம்பு கருப்பி வந்தாளா, ஒரு வார்த்தை கேக்கலடி. நானா எடுத்துச் சொன்னதுக்கு, ‘அதெல்லாம் அந்தக் காலம்’னான்."

"என்னப் பத்தியாவது கேட்டானா?"

டிரெஸ்ஸி பார்வையைக் குளத்துப் பக்கம் திருப்பினாள். அதுவே பதில்.

தவளைகள் ஓயாமல் கத்தின. இணையைத் தேடி அழைக்கும் உயிரை எந்தச் சபையும் பழித்ததில்லை. பழி சுமத்துவது மனிதப் பெண்ணின் ஏக்கத்தின் மீதுதான். டெல்ஃபியா கொக்கியைத் தகரத்தின் எதிர்முனையில் மாட்டினாள். பின்னிய புல் அறுந்தது. தகரத்தைத் தன் பக்கமாகத் தூக்கினாள்.

வெளுத்த புல்லின்மேல் கன்னங்கரேலென்று ஒரு பாம்பு, குளிர் இன்னும் விடாத சோம்பலில் சுருண்டு கிடந்தது. பக்கத்திலேயே ஈரம் மின்னும் சாலமாண்டர் ஒன்று. பாம்பு நாக்கை நீட்டி வெயிலைச் சுவைத்துப் பார்த்தது. எத்தனை அழகு! சொல்லிக் காட்ட வேண்டிய ஆள் மட்டும் இல்லை. தகரத்தை அதிராமல் இறக்கி வைத்தாள்.

"சொல்லுடி," என்றாள் டிரெஸ்ஸி மெதுவாக. "நான் சாட்சி."

"என்னுது."

முதல் முறை அந்தச் சொல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அடுத்த தகரம், "என்னுது." அதற்கடுத்தது, "என்னுது." சரிவில் ஏற ஏறக் குரல் திடம் பெற்றது. தன் தோளும் சேர்ந்து சுமந்ததைத் தன்னுடையதென்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

உச்சியில் சாலையோரம் கடைசித் தகரம் கிடந்தது. டெல்ஃபியா நின்றுவிட்டாள். டிரெஸ்ஸி குனிந்தாள்.

"தொடாதடி!"

"அடியே, சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன்ல? இது ஒண்ணு அவன் பேர்ல கெடக்கட்டும்."

"வரமாட்டான் டெல்ஃபி."

"தெரியும்."

சாலையில் ஒரு டிரக் உறுமிக்கொண்டு வளைவு திரும்பியது. தெரியும் என்றவளின் தலை அந்தப் பக்கம் திரும்பிற்று. வண்டி நிற்காமல் போயிற்று. டிரெஸ்ஸி அந்தத் தகரத்தை மிதித்துவிடாதபடி சுற்றிக்கொண்டு வந்து, தோழியின் பக்கத்தில் நின்றாள்.