மூலை மடித்த ஸ்டிக்கர்

கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளையைக் கையில் வாங்கியதுமே தராசுக்கு முகம் கோணிப்போயிற்று. குடோனில் இருபது வருஷமாகச் சுமை தூக்கியவர். எந்தப் பெட்டியையும் ஒரு தடவை தூக்கி இறக்கினால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். இந்தச் சாமானின் தகர உடம்பில் எழுநூற்றைம்பது வாட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. கையிலோ காலி டப்பா மாதிரி இருந்தது.

"என்னம்மா யோசிக்கிற? இந்த விலைக்கு இவ்ளோ வாட் எவனும் தர மாட்டான். கேம் சும்மா பறக்கும்!" என்றார் கடைக்காரர். பல்லிடுக்கில் நோண்டிய அதே விரலால் அதைத் தட்டியும் காட்டினார்.

அவர் கேட்டது தராசின் மகளை. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி, கேம் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே கட்ட எட்டு மாதமாக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்திருக்கிறாள். யாரோ விளையாடி அலுத்து விற்ற கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு பக்கம் நசுங்கிய கேபினெட், பாதி விலைக்கு வாங்கிய மதர்போர்டு எல்லாம் கட்டிலடியில் பழைய போர்வைக்குள் இருக்கின்றன. "கல்யாண வயசுல கம்ப்யூட்டர் விளையாட்டா?" என்று கேட்ட அத்தையை, "நீங்க மட்டும் இந்த வயசுல சீரியல விட்டீங்களா?" என்று வாயடைக்க வைத்தவள். பாக்கி இது ஒன்றுதான். இதில் ஏமாந்தால் மற்ற அத்தனையும் சேர்ந்து புகைந்து போகும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்ப்பா. தூக்கி மட்டும் பாரு. நல்லதுன்னா உள்ள செம்பும் இரும்பும் இருக்கும், கனக்கும். உன் கை பொய் சொல்லாது," என்றும் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள்.

தன் கையை நம்பி ஒருத்தி கடைக்குக் கூட்டிப்போகிறாள் என்று, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வேணாம் பாப்பா. உள்ள வெறும் காத்துதான் இருக்கு," என்றார் தராசு.

கடைக்காரர் சிரித்தார். "பெரியவரே, இது என்ன அரிசி மூட்டையா தூக்கிப் பாத்து வாங்க? மேல போட்டிருக்கு பாருங்க. படிக்கத் தெரியும்ல?"

தெரியும். நாற்பத்திரண்டு வயதில், வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்ற எழுத்து. வீம்புக்கு அதை முகத்தருகே கொண்டுபோனார். ஏழு. ஐந்து. சுழி. ஸ்டிக்கரின் கீழ் மூலை நெல்லளவுக்கு உள்ளே மடிந்திருந்தது.

அவருக்கு மட்டுமே உள்ள பழக்கம் அது. எழுத்துத் தெரியாத நாளில் மகளின் நோட்டுகளில் பெயர்ச்சீட்டைத் தலைகீழாக ஒட்டி, உரிக்க முடியாமல் கிழித்துவிட்டதில், அவள் அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து, தப்பாகிவிட்டால் பிடித்து உரிக்க ஒரு மூலையை மடித்து வைத்தே ஒட்டுவார். எழுத்து வந்தபிறகும் பயம் போகவில்லை. "படிச்ச ஆளு நீ ஏன் மூட்டை தூக்கணும்? உக்காந்து இத ஒட்டு," என்று ஆறு மாதம் முன்னால் குடோன் மேஸ்திரி நாற்காலி போட்டுக் கொடுத்தார். பழைய நம்பர் மேல் புது நம்பர் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. தலைக்கு மேல் ஃபேன். கம்பெனி நம்பரை மாற்றிவிட்டது என்றார்கள். நம்பர் மாறினால் கனம் மாறாதா என்று கை அன்றைக்கே கேட்டது. முதுகுவலி இல்லாமல் தூங்கிய சுகத்தில் கையைப் பேசாமல் இருக்கச் சொன்னவர் அவர்தான்.

மடித்த மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தார். ஒரே இழுப்பில் வந்தது. அடியில் முந்நூறு.

"யோவ்! சாமான ஏன்யா கெடுக்குற?" கடைக்காரர் பிடுங்கிக்கொண்டார். "குடோன்லேர்ந்து வர்றப்பவே இப்படித்தான் வருது. எந்த நாய் ஒட்டுச்சோ, எனக்கென்ன தெரியும்?"

மகள் முந்நூறைப் பார்க்கவில்லை. அப்பாவின் விரலில் தொங்கிய ஸ்டிக்கரின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் அவள் நோட்டுகளில் பார்த்த மூலை.

"மேல் தட்டுல இருக்கே, அந்த நானூத்தம்பது வாட். அத எடுங்கண்ணே," என்றாள் கடைக்காரரிடம். குரல் தணிந்திருந்தது.

கடைக்காரர் இறக்கி வைத்தார். தூக்கிப் பார்க்கத் தராசு பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார். அவள் தரவில்லை. தானே தூக்கிப் பார்த்தாள், பிறகு மேசைமேல் வைத்து, ஸ்டிக்கரின் நான்கு ஓரத்தையும் நகத்தால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

நீட்டிய கைகளை அவர் மடக்கிக்கொண்டார். கட்டைவிரலில் இருந்த ஸ்டிக்கரை உதறினார். அது ஆள்காட்டி விரலுக்குப் போயிற்று. அங்கிருந்து பிய்த்தால், மறுபடியும் கட்டைவிரலுக்கு.