பதினோரு மணிக் கட்டம்

காலுறை ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. ரோஜா நிறம், விளிம்பில் வெள்ளைப் பூ. எட்டுக் குழந்தைகளுக்கும் எட்டு ஜோடி, அதே நிறத்தில் குல்லா. காலையில்தான் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. புதுத் துணியின் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. துவைக்காத துணி குறைமாதக் குழந்தையின் தோலில் படவே கூடாது என்று புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு வகுப்பெடுப்பவள் காயத்ரி. இப்போது அவளே ஒவ்வொரு பாதமாக மாட்டிக்கொண்டு வந்தாள்.

ஃபர்சானாவின் குழந்தையிடம் வந்ததும் கை நின்றது. அந்தப் பாதத்தில் சென்சார் ஒட்டியிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மானிட்டருக்குச் சொல்லும் சின்னச் சிவப்பு விளக்கு. அதன் மேல் காலுறை ஏறாது.

"சிஸ்டர், இதுக்கு வேணாமே. பாதத்துல ப்ரோப் இருக்கு."

தலைமை நர்ஸ் ஜாக்குலின் ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டுகிறவனை மேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "அந்த பேபிய வெச்சுதான் ஃபோட்டோவே. அம்மா நெஞ்சு மேல படுத்துகினு இருக்கறப்ப ஒயரு தொங்கினா நல்லாவா இருக்கும்? கழட்டு. ஒரு மணி நேரம்தானே."

"மானிட்டர் கத்தும்."

"கத்தாம பண்ணு. பதினோரு வருஷ சர்வீஸு, இதெல்லாமா நான் சொல்லித் தரணும்?"

காயத்ரி சென்சாரைப் பிரித்தாள். மானிட்டர் கத்தத் தொடங்கியதும் அதன் வாயை அடைத்தாள். காலுறையை மாட்டினாள். பாதம் இரண்டும் ரோஜா நிறத்துக்குள் மறைந்தன.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் இருந்த அந்த அறக்கட்டளை மருத்துவமனைக்கு அன்று கண்காணிப்புக் குழு வருகிறது. ஆபத்தான நிலையில் பிறந்த குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க. ஒரு வாரமாக எல்லாரும் அதற்காகத்தான் உழைத்தார்கள். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி வரைந்தார்கள். வருகிறவர்கள் கோட்டு போட்டிருப்பார்கள், வியர்க்கும் என்று ஏ.சி.யை இருபத்திரண்டில் வைத்தார்கள். தாய்மார்கள் உட்கார்ந்து பால் எடுக்கும் அறையில் நீள மேசை போட்டு, மதிய விருந்துக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். தாய்மார்களை மாடிப்படியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஐந்து பெண்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேலும் கீழும் ஆண்கள் போய்வரும் படியில் உட்கார்ந்து சின்னக் கிண்ணங்களில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்ததைக் காலையில் வரும்போது காயத்ரி பார்த்தாள். பார்த்தும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

கடைசி வேலை அட்டவணை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள், மணிக்கு ஒரு கட்டம். சூடு, நாடி, மூச்சு, ஆக்சிஜன், தோல் நிறம். வருகிறவர்கள் முன்னால் நர்சுகள் குனிந்து எழுதிக்கொண்டு நின்றால் மரியாதையாக இருக்காது, பன்னிரண்டு மணி வரைக்கும் இப்போதே போட்டுவிடு என்று ஜாக்குலின் சொல்லியிருந்தாள். மணி ஒன்பதரை. காயத்ரி போட்டாள். பத்து மணிக்கு 36.7. பதினோரு மணிக்கு 36.8. பன்னிரண்டுக்கு மறுபடி 36.7. ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்பதால் ஒரு புள்ளி ஏற்றி ஒரு புள்ளி இறக்கும் வித்தை அவள் கைக்குப் பழக்கம். ஆள் குறைவான நாட்களில் எல்லாரும் செய்வதுதான். இந்த யூனிட்டில் அவள் தாள்தான் சுத்தமாக இருக்கும் என்று பெயர். எட்டாவது தாளில் நிறம் என்ற கட்டத்தில் மூன்று முறை 'பிங்க்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோது, நாக்கின் அடியில் எதுவோ கசந்தது. காலையில் குடித்த காபி என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபர்சானாவுக்கு இருபத்து மூன்று வயது. சதுரங்கப்பட்டினத்துக்காரி. குழந்தை இருபத்தொன்பதாம் வாரத்தில் ஒரு கிலோவும் ஐம்பது கிராமுமாகப் பிறந்தது. இன்றைக்கு முப்பத்தாறாவது நாள், ஒன்று அறுநூறு. இடையில் அடிக்கடி மூச்சு விட மறந்துபோகும். அதற்கு மருந்து கொடுத்து, போன வாரம் நிறுத்தியிருந்தார்கள். மருந்தில்லாமல் ஏழு நாள் ஒரு தடவைகூட மூச்சு நிற்கவில்லை என்று தாள் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்பது டாக்டர் பரணிதரனின் கணக்கு. இன்று ஆறாவது நாள். ஃபர்சானாவின் மாமியார் அக்தர் பேகம் தொட்டிலைக் கழுவிக் காயவைத்துவிட்டாள். புருஷன் இத்ரீஸ் நாளைக்குக் கார் சொல்லிவிட்டான். பெயர் வைக்கக்கூட வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். தாளில் அது இன்னும் 'ஃபர்சானா பேபி'.

பத்தரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். மூத்தவர் தர்மராஜ், ஓய்வு பெற்ற டாக்டர். ரோஜாப்பூ கொடுத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள், கை கழுவும் இடத்திலேயே. பன்னீரும் ஃபினாயிலும் கலந்த வாடை உள்ளே வரை வந்தது.

ஃபர்சானாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை அவள் நெஞ்சில் படுக்கப்போட்டு, மேலே புதுச் சால்வை போர்த்தியிருந்தார்கள். முகம் தெரியவில்லை என்று படம் எடுக்கிறவன் சொன்னான். சால்வையை இறக்கினார்கள். கன்னம் தெரியவில்லை என்றான். இன்னும் இறக்கினார்கள். உச்சியிலிருந்த ஏ.சி.யின் காற்று நேராக அந்த நாற்காலியில் இறங்கியது.

"சிஸ்டரு, குளுருது," என்றாள் ஃபர்சானா.

"ரெண்டே நிமிஷம்மா. சிரி," என்றாள் ஜாக்குலின்.

தர்மராஜ் தாளை எடுத்துப் பார்த்தார். அவர் கண் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. இன்னும் வராத பதினோரு மணிக்கு எழுதியிருப்பதை அவர் கண்டுவிட்டார், சொல்லிவிடக் கூடாதே என்று காயத்ரிக்கு இருந்தது. சொல்லட்டும், எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம சிஸ்டர் கடிகாரத்தவிட ஃபாஸ்ட்டா இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாக்குலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் பதினோரு மணிக் கட்டத்தின் மேலேயே படும்படி கையெழுத்துப் போட்டார். உதவியாளர் அந்தத் தாளை செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். காயத்ரியும் சிரித்திருந்தாள். அது முகத்திலிருந்து போக மறுத்தது. எச்சில் ஒட்டின மாதிரி இருந்தது.

அவர்கள் கூட்ட அறைக்கு நகர்ந்தார்கள். டாக்டர் பரணிதரனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

"சிஸ்டரு," என்றாள் ஃபர்சானா. "பாப்பா கனமா கீது."

"தூங்குதும்மா," என்று சொல்லிக்கொண்டே ஜாக்குலின் கதவைத் தாண்டினாள்.

"தூங்குனா இப்டி இருக்காது. தொவண்டு போன மாதிரி கீது."

காயத்ரி போய் முதலில் செய்தது காலுறையை உருவியதுதான். உள்ளங்கால் நாவல்பழ நிறத்தில் இருந்தது. முகம் சாம்பல். மார்பு அசையவில்லை. எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவேண்டிய மானிட்டரின் வாயை அடைத்தவள் அவள்.

தூக்கிக்கொண்டு போய், சூடு கொடுக்கும் வார்மர் மேடையில் போட்டாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. மாஸ்க்கை மூக்கிலும் வாயிலும் பொருத்திக் காற்றுப் பையை அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குட்டி மார்பு அவள் அமுக்கினபோது மட்டும் எழும்பியது. ஃபர்சானா நைட்டியின் பட்டனைக்கூடப் போடாமல் எழுந்து நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறியது. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். மார்பு தானாக எழும்பியது. இன்னொரு முறை. நிறம் நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தது.

சென்சாரை மறுபடி ஒட்டி, மானிட்டரைக் கத்த விட்டாள். கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தாள். முப்பத்தாறரைக்குக் கீழே போகக் கூடாது. 35.3.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த ஜாக்குலின் குழந்தையைப் பார்த்தாள், மானிட்டரைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள்.

"இப்ப சரியாய்டுச்சு இல்ல? அவ்ளோதான்."

"எழுதணும் சிஸ்டர். டாக்டர்கிட்டயும் சொல்லணும்."

"எங்க எழுதுவ? கட்டம் எங்க காலியா கீது?" ஜாக்குலினின் குரல் தாழ்ந்தது. "பெரியவரு கையெழுத்து போட்டாச்சு. ஃபோட்டோ புடிச்சுனு போயாச்சு. இப்ப நீ அத அடிச்சா என்னைய மட்டுமா கேப்பாங்க? பதினோரு மணிக்கு பிங்க்குனு போட்டது எந்த மகராசி கையி? குளுருல ஒரு செகண்டு தூங்கிடுச்சு. அம்மாகிட்டயும் அதையே சொல்லு. பாவம், நாளைக்கு வூட்டுக்குப் போற பொண்ணு."

பாவம் என்கிற சொல்லை அவள் சொன்ன விதம் காயத்ரிக்கு உமட்டியது. அதைவிட, அந்தச் சொல் தனக்கு ஒரு நொடி ஆறுதலாக இருந்தது உமட்டியது.

மணி பன்னிரண்டு தாண்டியதும் விருந்து. கொக்கிலமேட்டிலிருந்து வந்த இறால், தேங்காய் வாசத்தோடு பால் எடுக்கும் அறைக்குப் போனது. காயத்ரி கழுவுத்தொட்டியில் நின்று கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. மறுபடி முதலிலிருந்து. கஞ்சி வாசனையும் பன்னீரும் போகவில்லை. அப்போதுதான் ஜெகதீசன் கூப்பிட்டான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். தினமும் இந்த நேரத்துக்குப் பொண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"இன்னாமே, விருந்தெல்லாம் பலமா? எனக்கு ரெண்டு இறாலு பார்சல் கட்டிக்கினு வா."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"குரலு இன்னாத்துக்கு இப்டி கீது? யாரு இன்னா சொன்னாங்க?"

சொன்னாள். காலுறையிலிருந்து மூச்சு நின்றது வரை. அவனுக்குப் பின்னால் எவனோ டீ கேட்கும் சத்தம் வந்தது.

"நானும்தான் போடறேன்," என்றான். "காலைல பிரேக் செக், டயர் செக்குனு பத்து டிக்கு. பாக்காமலே போடுவேன். ஆனா அந்த வண்டில நானும்தான் குந்திகினு போறேன் காயு."

சாப்பிட்டாளா என்று இன்று கேட்கவில்லை. அவன் வைத்தபிறகும் போன் சூடாகக் காதில் இருந்தது.

உள்ளே போனாள். ஃபர்சானா வார்மர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜா நிறக் காலுறை ஒன்று அவள் கையில் கசங்கியிருந்தது.

"தூங்கிடுச்சுனு பெரிய சிஸ்டரு சொன்னாங்க," என்றாள். "எங்க மாமியாகிட்டயும் அப்டியே சொல்ட்டேன். நாளைக்கு போலாம்ல?"

"தூங்கலம்மா. மூச்சு நின்னுச்சு."

ஃபர்சானா நிமிரவில்லை. காயத்ரியே தொடர்ந்தாள்.

"அத எழுதினா நாளைக்கு அனுப்ப மாட்டாங்க. ஏழு நாளும் மறுபடி முதல்லேர்ந்து. எழுதலன்னா அனுப்பிடுவாங்க. வூட்ல மெஷின் கெடையாது."

"முப்பத்தாறு நாளு சிஸ்டரு. மாடிப்படில குந்திகினு பாலு எடுத்தேன் காலைல. எவனோ ஒருத்தன் தாண்டிப் போறான் என்னைய." குரல் உடையவில்லை. தட்டையாக இருந்தது. "அவங்க சோறு துன்றதுக்கு."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தியா?" இப்போது நிமிர்ந்தாள். அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "சாக்ஸு மாட்னது நீதான? ஒயரு கழட்னது நீதான?"

"நான்தான்."

"பாப்பா சூட்ட எழுதுனது?"

"அதுவும் நான்தான். காலைல ஒம்பதரைக்கு எழுதினேன்."

ஃபர்சானா அவளையே பார்த்தாள். மூடி திறந்த பாத்திரத்தில் கெட்டுப்போனதைப் பார்க்கிற பார்வை. காயத்ரி அதற்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபர்சானா காலுறையைக் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டு, உள்ளங்கையை நைட்டியில் துடைத்தாள்.

"எங்க எழுதுவ?" என்றாள். ஜாக்குலின் கேட்ட அதே கேள்வி.

காயத்ரி தாளை எடுத்து, அவளும் பார்க்கும்படி வார்மர் விளிம்பில் வைத்தாள். பதினோரு மணிக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோடு 36.8ஐயும் பிங்க்கையும் தாண்டி, தர்மராஜின் கையெழுத்து வழியாகப் போனது. பத்து, பன்னிரண்டு மணிக் கட்டங்களின் குறுக்கே இன்னும் இரண்டு. ஓரத்தில் இருந்த விரலளவு வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். 10.55. மூச்சு நின்றது. நீலம். சென்சார் கழற்றப்பட்டிருந்தது. 35.3. கீழே தன் முழுப் பெயர். பதினோரு வருடத்தில் அவள் எழுதியதிலேயே அசிங்கமான தாள் அது.

விருந்து அறையிலிருந்து ஜாக்குலினின் குரல் கேட்டது. "காயத்ரி, எல்லாரும் எழுந்துட்டாங்க, இறாலு ஆறுது பாரு." கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தட்டோடு ஓர் உருவம் நெருங்கி வந்தது.

ஒரு மணிக் கட்டம் காலியாக இருந்தது. காயத்ரி தெர்மாமீட்டரைக் குழந்தையின் கக்கத்தில் வைத்து, மெல்லிய கையை அதன்மேல் மடக்கிப் பிடித்தாள். பேனாவை மூடி வைத்தாள். ஃபர்சானா இன்னொரு பக்கத்திலிருந்து கையை நீட்டி, வெறும் பாதத்தைத் தன் உள்ளங்கைக்குள் எடுத்துக்கொண்டாள். சென்சாரின் சிவப்பு வெளிச்சம் அந்தச் சின்னப் பாதத்தின் சதை வழியாக ஊடுருவி அவள் விரல்களில் விழுந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் திரும்பவில்லை. தெர்மாமீட்டர் இன்னும் சத்தம் கொடுக்கவில்லை.