ஒன்பதாவது ஓட்டுச்சீட்டு

கிரிம்ஷா வார்டில் கவுன்சிலர் பதவிக்கு ஐந்து தடவை நின்று ஐந்து தடவையும் தோற்றவள் நான். பெயர் மோரீன் ஹேக். கட்சி கன்சர்வேடிவ், நிறம் நீலம். மில்லெல்லாம் மூடிப் போன பிறகும் எங்கள் வார்டு தொழிற்கட்சிச் சிவப்பாகவேதான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு தேர்தலிலும் நீலத்துக்காக ஒருவர் நின்று தோற்றாக வேண்டுமே. அந்தத் திருப்பணிக்கு என்னை விட்டால் ஆளில்லை. தோற்றுத் தோற்றுத் தோல் தடித்துவிட்டது. அதில் ஒரு லாபமும் உண்டு. ஓட்டு எண்ணும் இடத்தில் மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் சாவகாசமாக மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளெம் ஓல்ட்ராய்ட் தொழிற்கட்சிக்காரர். பிறவிச் சிவப்பு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. முப்பது வருஷமாக ஓட்டு நாளன்று பள்ளிக்கூட வாசலில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் அவர்கள் வாக்காளர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வேலை. சாயங்காலம் யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து, கட்சி ஆட்கள் போய்க் கதவைத் தட்டுவார்கள். நான் கழிப்பறைக்குப் போனால் என் தாளிலும் அவரே எழுதி வைப்பார். அவர் போனால் நான். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஓரத்தில், ‘மோரீன், உன் பிஸ்கட் தீந்துபோச்சு’ என்று கிறுக்கியிருப்பார். வாயில் மட்டும் சமாதானம் கிடையாது.

“ஏம்மா மோரீன், இந்தத் தடவயாவது நூறு தேறுமா?”

“உங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு எனக்குத்தான் போடறாங்க கிளெம். வெளிய சொல்ல வெக்கப்படறாங்க, அவ்வளவுதான்.”

அவருக்கு ஒரே மகள், ஜெம்மா. பத்து வயதிலேயே வீடு வீடாகப் போய் சிவப்பு நோட்டீஸ் போட்டவள். வளர்ந்து கட்சிக் கிளையின் செயலாளராகவும் ஆனாள். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற லிபரல் கட்சிப் பக்கம் போய் மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்டாள். காரணம் ஒரு நடைபாலம். வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போய் ஏழு வருஷம் ஆகிறது. நகரசபையில் சிவப்பு போட்ட திட்டத்தை நீலம் வந்து குப்பையில் போட்டது. நீலம் போட்டதைச் சிவப்பு திரும்பி வந்து குப்பையில் போட்டது. எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் இன்னும் ஒன்றரை மைல் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

“ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் கரி பூசறதுக்குத்தான் ரெண்டு பேரும் ஆத்தையே வெச்சிருக்கீங்க” என்று கட்சிக் கூட்டத்தில் சொல்லிவிட்டு எழுந்து வந்தாளாம் ஜெம்மா.

அன்று சாயங்காலம் கிளெம் கத்தியது தெருவுக்கே கேட்டது. “மதில்மேல் பூனைக்கு என் வீட்ல எடம் கெடயாது! அந்த மஞ்சளோட இந்த வாசப்படிய மிதிக்காதே!”

“சரிப்பா. மிதிக்கல.”

பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். சொன்னபடியே மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. இரண்டு வருஷம் போய்விட்டது. கிளெமின் மனைவி டொரீன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் கறிக்கடை வரிசையில் கிளெமுக்குப் பின்னால் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு ஒரே ஒரு துண்டு ஆட்டுக்கறி கேட்பார், அதுவும் கடைக்காரனுக்கு மட்டும் கேட்கிற குரலில். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் கடித்துவிடுவார்.

ஜெம்மாவைப் பற்றி எனக்கும் அப்போது பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கிறவர்கள் எந்தக் கரையும் ஏறமாட்டார்கள் என்பது என் கட்சி. ஆனால் இந்தத் தடவை மஞ்சள் வேட்பாளராக நின்ற அந்தப் பெண் என் வீட்டுக் கதவையே தட்டினாள்.

“ஓட்டு கேட்டு வரல மோரீன் ஆன்ட்டி. பாலத்துக்கு ஒரு கையெழுத்து வேணும்.”

உட்காரவைத்து டீ கொடுத்தேன். சிவப்பு வரைந்ததில் பாதியும் நீலம் வரைந்ததில் பாதியும் சேர்த்து ஒரு வரைபடம் வைத்திருந்தாள். இரண்டு கட்சியையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையெழுத்துப் போட்டேன். அவள் போன பிறகு, இவளை எதிர்த்து நாமும் நிற்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

மே மாதம், வியாழக்கிழமை தேர்தல். கிளெம் பத்து மணிக்குத் தன் ஓட்டைப் போட உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தார்.

“ஒரு குறி போட இவ்வளவு நேரமா மனுஷா? பென்சில் ஒடஞ்சிடுச்சா?”

அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து என் கோப்பையில் டீ ஊற்றினார். என் நக்கலுக்குத் திருப்பிக் கொடுக்காமல் அவர் உட்கார்ந்தது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை விளையாட்டரங்கத்தில், பூப்பந்து ஆடும் கூடத்தில், எண்ணிக்கை. பதினொன்றரைக்குக் கட்டுகள் அடுக்கி முடிந்தன. சிவப்பு வேட்பாளர் கீத் லம்ப் 704. ஜெம்மா 704. நான் 161. எங்கள் வார்டில் சிவப்புக்குப் பக்கத்தில் யாரும் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

சந்தேகச் சீட்டுகள் ஒன்பது பாக்கி. வாக்காளர் தப்பும் தவறுமாகக் குறி போட்டவை அவை. ஒவ்வொன்றையும் வேட்பாளர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் செல்லும், செல்லாது என்று அலுவலர் முடிவு சொல்லவேண்டும். அந்த மேசைக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பவர் கிளெம். இந்தத் தடவையும் கீத்துக்கு அவர்தான் ஏஜென்ட். ஆனால் தூரத்தில் டீ மேசைக்குப் பக்கத்தில் நின்று, சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

தேர்தல் அலுவலர் ஃபரீதா மாலிக் ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டினார். நாலு வெற்றுச் சீட்டு. மூன்றில் இரண்டு பேருக்குக் குறி. ஒன்றில் ‘எல்லாரும் திருடங்க’ என்று எழுதி மூன்று பேரையும் அடித்திருந்தது. எட்டும் செல்லாது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒன்பதாவதை எடுத்தவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திருப்பினார். ஜெம்மா பெயருக்கு நேராக அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே பென்சிலில் நாலு வரி.

‘உன் கட்சி தப்பு. நீ தப்பில்ல. ஞாயித்துக்கெழம சாப்பிட வா. அப்பா.’

வலப்பக்கம் சாய்ந்து வால் நீண்டு ஓடும் அந்தக் கிறுக்கலை எனக்குத் தெரியாதா? என் பிஸ்கட் தீர்ந்த செய்தியெல்லாம் அந்தக் கையால்தானே வந்தது. முந்தின நாள் உள்ளே அவ்வளவு நேரம் என்ன செய்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடிதம் போட்டால் இறங்கி வந்ததாக ஆகிவிடும். போன் செய்தால் குரல் உடைந்துவிடும். போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து இருந்தால் ஓட்டு செல்லாது. செல்லாத சீட்டை வேட்பாளர் கட்டாயம் பார்ப்பார். இந்த இரண்டு விதியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகளுக்கு ஓட்டும் போட்டாயிற்று, அது கணக்கில் சேராததால் கட்சிக்குத் துரோகமும் இல்லை, சேதியும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு இடத்தில்தான் கணக்குப் பிசகியது. மகள் முந்நூறு ஓட்டில் தோற்பாள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

ஃபரீதா மெதுவாகச் சொன்னார். “எழுதினது யாருன்னு தெரிஞ்சா இது செல்லாது. ஆனா ‘அப்பா’ங்கறது ஒரு பேர் இல்ல. யாராவது வெளயாட்டுக்குக்கூட எழுதியிருக்கலாம். உறுதியா யாரும் சொல்ல முடியலேன்னா, ஓட்டு செல்லும். ஜெம்மாவுக்குப் போகும். கீத், நீங்க என்ன சொல்றீங்க?”

கீத் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் பையன், முப்பது வயதுகூட ஆகவில்லை. அவனுடைய பிரசார உறைகள் அத்தனையிலும் விலாசம் எழுதியது கிளெம்தான். அவன் தன் ஷூவையே பார்த்தான். “எனக்கு... தெரியல மேடம்.”

“மிஸஸ் ஹேக்?”

“எனக்கு எழுத்து தெரியல. கண்ணாடி எடுத்துட்டு வரல” என்றேன். கண்ணாடி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபரீதா அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திரும்பினார்.

“ஜெம்மா?”

ஜெம்மா அந்தச் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெரியாது என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் பதவி அவளுக்கு, பாலமும் வரும். ஆனால் இரண்டு வருஷம் காத்திருந்து வந்த அழைப்பை, இது என் அப்பா எழுதியதில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லவேண்டும். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன்.

அதற்குள் கிளெம் வந்துவிட்டார். கையில் டீ தளும்பியது.

“மேடம், அது என் எழுத்து இல்ல.”

“உங்கள யாரும் கேக்கலியே மிஸ்டர் ஓல்ட்ராய்ட்.”

“கேக்கலேன்னாலும் சொல்றேன். நான் கீத்துக்குத்தான் போட்டேன். எவனோ கிறுக்கன் எழுதியிருக்கான். ஓட்டு செல்லும். பொண்ணு ஜெயிச்சிட்டா. எழுதிக்கோங்க.”

தன் வேட்பாளர் பக்கத்தில் நிற்கிறபோதே அவனைத் தோற்கடிக்கப் பச்சைப் பொய் சொல்கிற ஏஜென்டை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் நின்ற சிவப்புக்காரர்கள் இரண்டு பேர், “கிளெம்மா இப்படி!” என்று முணுமுணுத்தார்கள். அவர் காது சிவந்துபோனது. ஆனாலும் நகரவில்லை.

ஜெம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

“அப்ப ஞாயித்துக்கெழம சாப்பாடு கெடயாதாப்பா?”

கிளெம் டீக் கோப்பையை மேசையில் வைத்தார். “அத... எழுதினவனத்தான் கேக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அலுவலர் பக்கம் திரும்பினாள்.

“மேடம், இது எங்கப்பா எழுத்து. எனக்கு நல்லாத் தெரியும். செல்லாது.”

“ஏ புள்ள! வாய மூடு! ஜெயிச்சிட்டே நீ, வாய மூடு!”

“செல்லாதுன்னு போட்டுக்கோங்க மேடம்.”

ஃபரீதா முத்திரையை எடுத்தார். குத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு குத்தினார்.

“அத நான் வெச்சுக்கலாமா?” என்று கேட்டாள் ஜெம்மா.

“முடியாதும்மா. உறையில வெச்சு சீல் பண்ணணும். ஒரு வருஷம் கழிச்சு அழிச்சிடுவாங்க. சட்டம்.”

“அப்ப இன்னொரு தடவ படிச்சுக்கறேன்.”

ஃபரீதா சீட்டை அவளுக்கு நேராக மேசையில் வைத்துவிட்டு, பேனாவைத் தேடுவதுபோல் பையைத் துழாவ ஆரம்பித்தார். பேனா அவர் கையிலேயே இருந்தது. நாங்கள் எல்லோரும் பொறுமையாக நின்றோம்.

சமநிலை என்பதால் குலுக்கல். இரண்டு சீட்டில் இரண்டு பெயர் எழுதி, ஒரு பெட்டியில் போட்டு எடுத்தார்கள். கீத் பெயர் வந்தது. கைதட்டல் நாலைந்து பேரோடு நின்றுவிட்டது. ஜெயித்தவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. நேராக ஜெம்மாவிடம் போனான்.

“அந்தப் பாலத்து ப்ளான எனக்குக் குடு. நகரசபைக்கு நான் கொண்டு போறேன். ஆனா வெளக்கிச் சொல்ல நீதான் வரணும், எனக்கு அதெல்லாம் புரியாது.”

“வரேன்” என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாவும் மகளும் டீ மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் கோட்டுப் பொத்தானை மாட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“முட்டாள் புள்ள. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் கவுன்சிலர். எல்லாம் என்னால போச்சு. நீ இத்தன ஓட்டு வாங்குவேன்னு நான் நெனக்கவே இல்ல.”

“தெரியும்ப்பா. அதுதான் கொஞ்சம் வலிக்குது.”

கிளெம் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “மன்னிச்சிடு கண்ணு” என்றார். முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. டொரீனாவது கேட்டிருப்பாளா, சந்தேகம்தான்.

அவர் கோட்டில் சிவப்பு ரிப்பன் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெம்மா அதைக் கழற்றி, நிமிர்த்தி, மறுபடி நேராகக் குத்திவிட்டாள்.

“எலெக்‌ஷன் நாலு வருஷத்துக்கு ஒரு தடவ தானா வந்துடும்ப்பா” என்றாள். “நீ கூப்பிடறது அப்படி வராதே.”

சிவப்புக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிளெம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.