செட்டாகாதக்கா

சாவியைத் திருகியதும் பானெட்டுக்குள்ளிருந்து யாரோ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் அவள் டார்ச் பிடித்திருக்க, கணவன் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் திருகினான். அதே நறநற. எஞ்சின் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

"என்னாச்சு?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அவன் அப்பா கேட்டார். அதைக் குரல் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் மூச்சுதான்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க படுங்க."

படுக்காமல் வேறு என்ன செய்வார்? எழுந்து உட்கார்ந்தே நாளாகிறது. முற்றத்தில் நடப்பது காதில் விழட்டும் என்று கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போடச் சொன்னவர் அவர்தான். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்தபடியே படுத்திருந்தார்.

மருமகள் டார்ச்சை அணைத்தாள். எஞ்சினை முதலில் சுழற்றிவிடுகிற அந்த ஸ்டார்டர் மோட்டாரை நேற்று கடையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் அவள். அதன் பல் எஞ்சினில் உள்ள ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லோடு சேரவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உதிரிபாகக் கடையின் கவுண்டரில் பல வருஷமாக இருக்கிறாள். வருகிற மெக்கானிக்குகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இது அதுக்கு செட் ஆகுமா? ஆகாது என்றால் முகத்துக்கு நேராக ஆகாது என்பாள், முதலாளி பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தாலும். சந்தேகம் என்றால், "பழசக் கழட்டி எடுத்துட்டு வாங்க, பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். பார்க்காமல் 'ஆகும்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் செட்டாகாதக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. தலை நரைத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மாமனார் அவளைப் பெண் பார்த்ததும் அந்தக் கவுண்டரில்தான். பேரிங் வாங்கப் போனவரை, "இது உங்க வண்டிக்கு செட் ஆகாது, எதிர்க் கடையில கேளுங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர் எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். திரும்பி வந்து, "உனக்கு வீட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். அப்போது வந்த வெட்கத்தில் அவள் தப்பான பில்லை வேறு யாரிடமோ நீட்டிவிட்டாள். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய பிக்கப் வண்டியின் பழைய எஞ்சினில் விரிசல் விட்டபோது எல்லோரும் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடைத்த பள்ளி வேன் ஒன்றின் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, அதைத்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "பெரியவரே, இதுக்கும் அதுக்கும் சொந்தமே இல்ல" என்று பட்டறையில் சிரித்தார்கள். "ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன்டா, எனக்குத் தெரியும்" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து மருமகளிடம் கேட்டார், செட் ஆகுமா என்று.

"தெரியல மாமா. பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"ஆகாதுன்னு நீ சொல்லலையே?" என்றார். எஞ்சின் வீட்டுக்கு வந்துவிட்டது. அது வந்த கொஞ்ச நாளிலேயே அவர் படுக்கையில் விழுந்தார்.

மகன் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். இனி அவனுக்குப் பிழைப்பு இந்த வண்டிதான். மகனுக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகிறோமா, பழைய இரும்பை விட்டுவிட்டுப் போகிறோமா என்பதுதான் கிழவருக்கு இப்போது இருந்த ஒரே கவலை. தன் நுரையீரலைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டதில்லை. மாலையில் அவள் கடையிலிருந்து வந்ததும், பிள்ளையிடம் மார்க்கைக் கேட்பதுபோல, "இன்னைக்கு எது செட் ஆச்சு?" என்பார். எஞ்சினைத் தாங்குகிற மவுன்ட் ஒரு விரல் தள்ளி இருந்தது, பிராக்கெட் அடித்துப் போட்டார்கள். ஆயில் சம்ப் சேசிஸில் இடித்தது, பழையதையே மாட்டினார்கள். கியர்பாக்ஸுக்கு ஏற்ற கிளட்சைப் போடுவதற்காக ஃப்ளைவீலும் பழைய எஞ்சினுடையதே ஆயிற்று. அங்கேதான் வினை பிடித்தது. வேனுடைய ஸ்டார்டருக்கு அந்த ஃப்ளைவீலின் பல் சேராது. பிக்கப்புடைய ஸ்டார்டருக்குப் பல் சேரும், போல்ட் ஓட்டை சேராது.

இரண்டும் சேர்கிற ஒன்று என்று நினைத்துத்தான் நேற்று கொண்டுவந்தாள். ஃப்ளைவீல் வண்டிக்குள் இருந்ததால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. மாமாவை நினைத்து அவசரப்பட்டுவிட்டாள்.

காலையில் வந்த நர்ஸ் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாரும் எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மருமகள் உதிரிபாக டிப்போவுக்கு ஃபோன் செய்தாள். இரண்டு மாடலுக்கும் நடுவில் கொஞ்ச காலம் வந்த ஒரு வண்டியின் ஸ்டார்டர் அங்கே இருந்தது. நாளைக்குத்தான் அனுப்ப முடியும் என்றார்கள்.

"தள்ளிப் பாக்கலாமா?" என்றாள்.

"சக்கரத்துக்குப் போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இன்னும் லேத்துப் பட்டறையில கெடக்கு. தள்ளினா வண்டிதான் நகரும், எஞ்சின் சுத்தாது." அவன் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். கிரீஸ் கையால் முகத்தைத் துடைக்கப் போய், கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அவள் யோசித்தாள். "என்னங்க, முட்டைக்காரர் அண்ணன் வண்டியில இருக்கறதும் இதே எஞ்சின்தானே?"

அவன் நிமிர்ந்தான். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது புரிந்ததும், "வேண்டாம். அப்பா காதை ஏமாத்த முடியாது" என்றான்.

"மூச்சு விடவே அவருக்கு நேரம் பத்தல. இதையெல்லாம் எங்க கவனிக்கப் போறாரு?"

"நீயா இப்படிச் சொல்ற?"

"நான்தான் சொல்றேன். எழுந்திரிங்க."

இரண்டு வீடு தள்ளி இருக்கிற முட்டைக்காரர் அப்போதுதான் கடைகளுக்குப் போடுவதற்கு லோடு ஏற்றி முடித்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. "தங்கச்சி, ட்ரே முழுக்க முட்டை இருக்கு, பாத்துத் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னார். ஒரு வண்டி முட்டையை மூன்று பேரும் சத்தம் போடாமல், திருட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி, முற்றத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள்.

அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, பஞ்சை நனைத்து மாமனாரின் உதட்டைத் துடைத்தாள். வெளியே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அவர் உள்ளங்கைக்குள் விட்டு விட்டு அதிர்ந்தது.

"செட் ஆயிடுச்சு மாமா" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சுருக்கமெல்லாம் இளகி வந்தது. பிறகு உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"முட்டைக்காரர்கிட்ட சொல்லு... மூணாவது இன்ஜெக்டரைப் பாக்கச் சொல்லு. என்னை மாதிரியே இருமுது."

அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"முட்டை குலுங்கறதுகூடக் கேக்குதும்மா" என்றார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க நேரமாயிற்று. அவள் அவர் நெஞ்சை நீவிவிட்டாள். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டிப்பார்த்த கணவனிடம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். சத்தம் நின்றது.

"ஸ்டார்டர் செட் ஆகல மாமா. பல்லு வேற. பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உக்காந்துடுச்சு."

"கிளட்சு?"

"உக்காந்துடுச்சு."

"ஸ்டார்டர் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அதுக்கா இவ்ளோ நாடகம்?" என்று அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இருந்ததெல்லாம் கொள்ளைப் பிரியம்.

"வேற இருக்கா?"

"நடுவுல வந்த மாடலோடது ஒண்ணு இருக்கு. நாளைக்கு வருது."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "கடையில கேக்கற மாதிரி கேக்கறேன். அது செட் ஆகுமா?"

அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கையில் இருந்தது வெறும் நம்பர்தான். கடையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நேற்று அவசரப்பட்டது இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"ஆகும்" என்றாள். "நம்பி எடுத்துட்டுப் போங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். கம்பியைப் பிடித்திருந்த கை மெதுவாகப் படுக்கைக்கு இறங்கியது.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கணவன் உள்ளே வந்து, கிரீஸ் கையோடு தொடலாமா என்று தயங்கி நின்றான். பிறகு அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காத கை அது. இரண்டு கைக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அடுத்தது வரும் வரும் என்று இருவரும் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள்.

மறுநாள் முட்டைக்காரர் ட்ரேயையெல்லாம் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, போர்வை விரித்துக் கொண்டுவந்தார். அதில்தான் கிழவரைக் கொண்டுபோனார்கள். அது வழி நெடுக இருமிக்கொண்டே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மகனுக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், பாத்திரம் தேய்த்தாள், துக்கம் கேட்டவர்களுக்கு நடந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளுக்குள் ஒன்றேதான் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காமல் 'ஆகும்' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். செட் ஆகாவிட்டால் மற்றவர்கள் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து திட்டுவார்கள். இவர் எங்கே வருவார்?

டிப்போவிலிருந்து பெட்டி வந்தபோது வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் கூட்டம் இருந்தது. எல்லோரும் போன பிறகுதான் கணவன் அதைப் பிரித்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தான். முதல் போல்ட் விரலாலேயே உள்ளே போனது. ஓட்டை சேர்ந்துவிட்டது. அது முதலில் கொண்டுவந்ததற்கும்தான் சேர்ந்தது. பல்தான் பாக்கி.

மற்ற போல்ட்டுகளையும் முடுக்கிவிட்டு அவன் வெளியே வந்து, ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தான்.

"இருங்க" என்றாள்.

உள்ளே போனாள். கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான் கிடந்தது. அவரை எடுத்துப் போன அன்றைக்கு யாரோ ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தாள். சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, பெயின்ட் தேய்ந்து பளபளத்த இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப போடுங்க."

கம்பி அவள் உள்ளங்கைக்குள் அதிரத் தொடங்கியது. விட்டு விட்டு அல்ல, ஒரே சீராக. கணவன் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை.