ஒரே பெயரில் இருவர்

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள் கன்னியம்மா. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். கண்ணாடிக் கதவில் எண்ணெய் ஒட்டிவிடும் என்று கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். உள்ளே இருந்த புரோகிராமர் கஸ்தூரிதான் எழுந்துபோய்த் திறந்தாள்.

"நாளைலேர்ந்து வரவேணாங்கறாங்க மேடம். நெறைய லீவு போட்டுட்டேன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். காச்சல்லகூட வந்துகினு கீறவ நானு. இன்னான்னு கொஞ்சம் பாரு."

"இருங்க, பாக்கறேன்."

கான்ட்ராக்ட் பெண்களுக்கு டோக்கன் எண் கிடையாது, பெயரும் ஊரும்தான். வருகைக் கோப்பில் மேனாம்பேடு கன்னியம்மா இரண்டு வரிகளில் இருந்தாள். மேல் வரி இவளுடையது, ஒரு நாளும் விடுபடவில்லை. கீழ் வரி, பேக்கிங்கில் சேர்ந்து பாதியில் நின்றுவிட்ட வேறொருத்தி. பெர்ல் மொழியில் கஸ்தூரி எழுதிய புரோகிராம் பெயரை வைத்துத்தான் வருகையைச் சேமித்தது. அதே பெயர் மறுபடி வந்தால் முதலில் வைத்ததை அழித்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது.

கோப்பில் இருந்த வரிகளைவிடப் புரோகிராம் தந்த பட்டியலில் ஒரு பெயர் குறைந்ததை, அதை எடுத்த அன்றே கஸ்தூரி கவனித்திருந்தாள். ஏதாவது வெற்று வரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கொரட்டூர் போகும் ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

கஸ்தூரி போய்ச் சொன்னதைப் பர்சனல் ஆபீசர் பக்தவத்சலம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நிறுத்தற லிஸ்ட்ல எம்.டி. கையெழுத்து போட்டாச்சும்மா. அந்த மெஷினுக்கு வேற ஆளும் எடுத்தாச்சு. அடுத்த மாசம் சரியா வர்ற மாதிரி பண்ணிடுங்க. புரோகிராம் தப்புன்னு வெளிய தெரிஞ்சா மொத்த ஷாப்பும் என் வாசல்ல வந்து நிக்கும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்களும் இன்னும் பெர்மனென்ட் ஆகல இல்ல?"

கஸ்தூரி திரும்பி வந்தாள். கன்னியம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

"மெஷின்லயே கீதுன்னா நான் இன்னா சொல்ல முடியும்?" கன்னியம்மா சிரிக்கப் பார்த்தாள். "எந்தெந்த நாளுன்னாவது சொல்லு மேடம். வேலைக்கினு கெளம்பி எங்கடி போய் சுத்துனன்னு ஊட்ல அந்தாளு கேக்குமே. நான் இன்னான்னு சொல்றது?"

கஸ்தூரி கதவைச் சாத்தினாள். கன்னியம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பெயர் ஏற்கெனவே இருந்தால் அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும்படி புரோகிராமைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தாள். இரண்டு கன்னியம்மாக்களும் ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாகத் திரையில் வந்தார்கள்.

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. வாட்ச்மேன் கன்னியம்மாவின் பையைக் கவிழ்த்து உதறினார். டிபன் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். ஏதாவது எடுத்துப் போகிறாளா என்று எல்லோரிடமும் பார்ப்பதுதான். அவர் கேட்பதற்கு முன்பே கன்னியம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.