மார்க்கோவின் நாற்பத்தெட்டு எண்கள்

மூன்றாவது தடவையும் எழுபத்திரண்டில் வந்து நின்றது. அஸ்னகெச் நாற்காலியை விட்டு எழாமல், தோளில் போட்டிருந்த வெள்ளை நெட்டலாச் சால்வையின் நுனியைப் பல்லில் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத் திரை, நடுவில் சுற்றும் வட்டம், அதன் கீழே எழுபத்திரண்டு சதவீதம். கொஞ்ச நேரத்தில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிறேன் என்று ஒரு வரி வரும். நேற்று மாலை ஒரு முறை வந்தது. இன்று பொழுது விடிந்ததும் கடையைத் திறந்து மறுபடி முயன்றபோது இன்னொரு முறை வந்தது. பழையபடி ஆக்குவதில் மட்டும் அது இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

"என்ன சொல்லுது?" என்று பெஞ்சிலிருந்து யெஷி கேட்டாள்.

"பொறுங்கம்மா, முக்கால்வாசி ஆயிடுச்சு."

முக்கால்வாசி என்று அவள் சொல்வது இது மூன்றாவது முறை. யெஷி தலையாட்டிவிட்டு மடியிலிருந்த வறுத்த பார்லி மூட்டையைச் சரிசெய்துகொண்டாள். பஸ் நிலையத்தில் கிண்ணக் கணக்கில் பார்லி விற்பவள். இன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. மூட்டையை மட்டும் பழக்க தோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

தெசே சாலையில், கோர்ட்டு வாசலுக்கு நேர் எதிரே அஸ்னகெச்சின் மனு எழுதும் கடை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மடிக்கணினி. எழுதத் தெரியாதவர்களும், எழுதத் தெரிந்தும் கோர்ட்டு பாஷை தெரியாதவர்களும் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றெரிச்சலைக் கொட்டுவார்கள். அதை அவள் பக்கம் பக்கமாக, பத்தி பத்தியாக மாற்றிக் கொடுப்பாள். இந்த மாதத்திலிருந்து கோர்ட்டில் காகிதம் வாங்குவதில்லை, எல்லாம் இணையப் பக்கம் வழியாகத்தான். நேற்று யெஷியின் மேல்முறையீட்டை அனுப்பப் பார்த்தபோது அந்தப் பக்கம் திறக்கவே மறுத்துவிட்டது. இயங்குதளம் பழசாகிவிட்டது, புதுசு ஏற்ற வேண்டும் என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். நாலு கடை தள்ளி டிவியும் கணினியும் பழுது பார்க்கும் தெஃபெரா ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "இதச் சொருகி அமுக்குங்கக்கா, மிச்சத்த அதுவே பாத்துக்கும்" என்றான். அவளும் அமுக்கினாள்.

மேல்முறையீட்டுக்குக் கொடுத்த அறுபது நாளில் இன்றுதான் கடைசி நாள். கோர்ட்டு பதினொரு மணிக்கு மூடும், இணையப் பக்கமும் அதோடு சரி. இந்த ஊரில் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். விடிந்து ஒரு மணி நேரமானால் ஒரு மணி, வெயில் சாய்கிற நேரம் பதினொன்று. இப்போது நாலு. அவசரமில்லை, நிறைய நேரம் இருக்கிறது என்று அஸ்னகெச் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெரிய நோன்புக்காலம், ஒன்பது மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

யெஷி முப்பத்தோரு வருஷம் கஸ்ஸாவோடு வாழ்ந்தவள். கல்யாணம், காகிதம் எதுவும் கிடையாது. மாவு மில்லில் வேலை பார்த்த கஸ்ஸா போன வருஷம் செத்துப்போனான். நாற்பதாம் நாள் படையலுக்கு யெஷி பார்லி விற்ற காசில் ஊருக்கே சோறு போட்டாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுப் போன அவன் அண்ணன் மகன்கள் மறுவாரமே கோர்ட்டுக்குப் போய், வீடு எங்கள் சித்தப்பாவுடையது, இவள் அங்கே இருந்த வேலைக்காரி என்று எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டும் அதையே நம்பியது. தீர்ப்பை வாசித்துச் சொன்னபோது வீடு போய்விட்டது என்பது யெஷிக்கு உடனே புரியவில்லை. அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. அஸ்னகெச்சின் கடைக்கு வந்து முதலில் அவள் கேட்டதும் அதைத்தான்: "வேலைக்காரின்னா எழுதியிருக்கான்?"

மூன்று நாள் உட்கார்ந்து சொன்னாள். முப்பத்தோரு வருஷத்தையும் ஒரு இழை விடாமல் சொன்னாள். எவ்வளவோ மனு எழுதிய கைதான், ஆனாலும் அந்த ஏழு பக்கத்தில் அஸ்னகெச்சுக்கு ஒரு தனிப் பெருமை. மனுவில் ஒரு கதவு வரும். கஸ்ஸா மர அறுவை மில்லிலிருந்து கொட்டுகிற மழையில் தலையில் சுமந்து வந்த கதவு. நனைந்து வளைந்துபோய், கீழே ஓரிடத்தில் உதைத்தால்தான் திறக்கும். எங்கே உதைக்க வேண்டும் என்பது வேலைக்காரிக்கும் தெரிந்திருக்கலாம், கதவு ஏன் வளைந்தது என்பது வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் என்று அஸ்னகெச் எழுதியிருந்தாள். யெஷி அந்த வரியை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசித் தரம் கேட்டுவிட்டு, நெட்டலாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, எல்லாம் அது உள்ள இருக்கு" என்றாள்.

இன்று காலையில்கூட, மேம்படுத்தல் தோற்றுப் பழைய திரை திரும்பியபோது, மனு அங்கேயே பத்திரமாக இருந்தது. அஸ்னகெச் திறந்து ஒரு பக்கம் வாசித்தும் காட்டினாள். அதை ஒரு பென்டிரைவில் போட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று திரையில் எழுதியிருந்தது. கோர்ட்டுக்கு எதிரே இத்தனை வருஷம் உட்கார்ந்தவள், எழுத்தில் இருப்பதை நம்பித்தான் பழக்கம்.

இந்த முறை அது பழைய திரைக்குத் திரும்பவில்லை. கறுப்பானது, விழித்தது, மறுபடி கறுப்பானது. ஐந்து தடவை அப்படியே செய்தது. அஸ்னகெச் எழுந்து தெஃபெராவைக் கூப்பிடப் போனாள்.

தெஃபெரா கையில் ஒரு திருப்புளியோடு வந்தான். நாற்பது வயது ஆள், எதைப் பார்த்தாலும் முதலில் "இது ஒண்ணுமில்ல" என்பான். இதற்கும் சொன்னான். பிறகு ஒரு மணி நேரம் அணைத்து அணைத்துப் போட்டான். ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, அவள் பார்த்தே இராத ஒரு சாம்பல் நிறப் பக்கத்துக்குள் போனான். உள்ளே போனவன் திடீரென்று சிரித்துவிட்டான்.

"அக்கா, இதுல வருஷம் என்ன போட்டிருக்கு பாருங்க."

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு."

"அதான் கேக்குறேன்."

"ரெண்டாயிரத்துப் பதினெட்டுதானப்பா இப்ப? உனக்கு என்ன வருஷம்?"

"நம்ம நாட்டுக் கணக்குல பதினெட்டு. உலகத்துக்கு இருபத்தாறு. மணியையும் ஆறு மணி நேரம் தள்ளி வெச்சிருக்கீங்க."

வாங்கிய அன்றே அவள் மாற்றி வைத்தது அது. மனுவின் தலைப்பில் வருஷம் தானாக விழும்படி செய்திருந்தாள். வெளிநாட்டு வருஷம் விழுந்தால் கோர்ட்டில் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மறக்காமல் ஒன்று கூட்டி வைப்பாள். மாதமும் நாளும் ஒத்து வராது, அதைக் கையால் திருத்திக்கொள்வாள். இதில் என்ன தவறு என்று அவளுக்கு இப்போதும் விளங்கவில்லை.

"எட்டு வருஷம் பின்னாடி நிக்கிது இது. புதுசா வந்த சரக்கோட முத்திரையில இருக்கிற தேதியப் பாக்குது, இது இன்னும் பொறக்கவே இல்லையேங்குது. வேணாம்னு தள்ளுது." குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோர்ட்டுப் பக்கம் தொறக்காததும் இதனாலதான் இருக்கும். வருஷத்த மாத்தியிருந்தாலே போதும். இத ஏத்தியிருக்கவே வேணாம்" என்றான்.

அஸ்னகெச்சுக்குச் சிரிப்பதா அவனை அடிப்பதா என்று தெரியவில்லை. "சரி, இப்பவாவது மாத்து" என்றாள்.

அவன் மாற்றினான். வருஷத்தை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா அமைப்பையும் ஆதியில் இருந்தபடி ஆக்கு என்பதையும் அழுத்திவிட்டான். இயந்திரம் அணைந்து எழுந்தது. கறுப்பு போய் நீலம் வந்தது. "ஆ!" என்றாள் யெஷி பெஞ்சிலிருந்து. ஆனால் அந்த நீலத்தில் வட்டமும் இல்லை, சதவீதமும் இல்லை. ஒரு நீளக் கட்டம் மட்டும் இருந்தது, அதன் மேலே சில வரிகள்.

தெஃபெரா அதை இரண்டு முறை படித்தான். முகம் மாறிவிட்டது.

"பூட்டிக்கிச்சுக்கா. அடியில கை வெச்சதும் திருடன் கை வெச்சான்னு நெனச்சுக்கிச்சு. தொறக்க ஒரு எண்ணு கேக்குது."

"என்கிட்ட இருக்கே, நாலு எண்ணு. அதத்தான் தெனம் போடுறேன்."

"அது இல்ல. நாப்பத்தெட்டு எண்ணு."

"நாப்பத்தெட்டா?"

"இத மொதல்ல யாரு பேர்ல ஆரம்பிச்சாங்களோ, அவங்க மெயில்ல இருக்கும். தெனம் தொறக்கும்போது யாரு பேரு வரும்?"

"மார்க்கோ," என்றாள் அஸ்னகெச்.

"மார்க்கோ யாரு?"

அவள் மடிக்கணினியைக் காட்டினாள். "இதான் மார்க்கோ."

ஆறு வருஷமாக, ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்தால் அது 'வருக, மார்க்கோ' என்று சொல்லும். தன் பெயரைச் சொல்லி வணங்குகிறது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். மார்க்கோ சூடாகிவிட்டான், மார்க்கோ இன்றைக்கு மந்தமாக இருக்கிறான் என்று பக்கத்துக் கடையெல்லாம் பேசும். மார்க்கோ என்று ஒரு மனிதன் எங்கோ இருப்பான், தன் பிழைப்பின் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கணினியை விற்றவன் முலுகெத்தா. சாலை போட்ட கம்பெனியின் முகாமில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவன், இப்போது லாரி ஓட்டுகிறான். அவன் எண் கிடைக்கவே எட்டரை ஆகிவிட்டது.

"மார்க்கோவா?" என்று போனில் உற்சாகமானான். "இத்தாலிக்கார எஞ்சினியரு. தங்கமான மனுசன்! நோன்புச் சாப்பாடுன்னா உசுரு, நம்மளவிட நல்லா உருட்டித் திம்பான். ரோடு முடிஞ்சதும் போயிட்டான். ஏன், வந்திருக்கானா?"

அவன் கொடுத்த எண்ணைத் தெஃபெரா போட்டான். நீளமான, பழக்கமில்லாத மணி ஒருமுறை ஒலித்தது. பிறகு ஒரு பெண் புரியாத பாஷையில் ஏதோ சொன்னாள். மறுபடி போட்டான். அவள் அதே குரலில் அதையே சொன்னாள். பதிவு செய்த குரல் என்று தெரிந்தும் அஸ்னகெச், "அம்மா, ஒரு நிமிசம்" என்று கெஞ்சினாள்.

"டிஸ்க்கைக் கழட்டி வேற மெசின்ல போட்டா?" என்று அஸ்னகெச் கேட்டாள்.

"அங்கேயும் இதே எண்ணத்தான் கேக்கும்." தெஃபெரா திருப்புளியைப் பையில் வைத்தான். "என் தப்புக்கா. மொதல்ல ஒரு காப்பி எடுக்கச் சொல்லியிருக்கணும். தோணல."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். காலையில் மனுவைத் திறந்து வாசித்தும் காப்பி எடுக்காதது தன் கைதானே என்று நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

யெஷி எழுந்து வந்தாள். திரைக்கு முன்னால் குனிந்து, "பொறுமையா கேட்டுப் பாரேன் மவளே. ஆறு வருசம் உன்கூட இருந்துச்சில்ல, தராமயா போயிடும்?" என்றாள். அஸ்னகெச்சுக்கு அழுகை வந்துவிட்டது.

தெஃபெராவின் கடைக்குப் போனார்கள். அவனுடைய கணினியில் கோர்ட்டுப் பக்கம் தட்டியதும் திறந்தது. அஸ்னகெச் வெற்றுப் பக்கம் ஒன்றை எடுத்து, விரல்களை வைத்துக்கொண்டு, "அம்மா, மறுபடி ஒருவாட்டி சொல்லுங்க. சுருக்கமா போதும்" என்றாள்.

யெஷி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"கதவுலேருந்து சொல்லுங்க."

"அதான் சொன்னேனே."

"அது போயிடுச்சும்மா."

"எங்க போச்சு? உள்ளதான இருக்கு? அவன்கூட பூட்டியிருக்குன்னுதான சொன்னான்?" யெஷி மூட்டையை இறுக்கிக்கொண்டாள். "மூணு நாள் சொன்னேன். சொல்லி முடிச்ச அன்னிக்குத்தான் அந்த ஆளு செத்ததுலேருந்து மொதமொதலா தூங்குனேன். திரும்ப எடுக்கச் சொல்லாத."

அஸ்னகெச் நினைவிலிருந்து தட்டத் தொடங்கினாள். ஊர், பெயர், வழக்கு எண், தீர்ப்பு நாள். அதெல்லாம் வந்தது. அண்ணன் மகன்களின் பெயரும் வந்தது. கதவுக்கு வந்ததும் கை நின்றது. எழுதியதை வாசித்தாள்: கதவு வளைந்திருப்பது மனுதாரருக்குத் தெரியும். யெஷி இல்லையென்று தலையசைத்தாள். "அன்னிக்கு நீ இப்படி எழுதல." மாற்றி எழுதி வாசித்தாள். "இதுவும் இல்ல." நாலு முறை எழுதி நாலு முறை அழித்தாள். மூன்று நாள் கேட்டது எல்லாம் தலைக்குள் இருந்தது, அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. நோன்பு முடிக்கிற ஒன்பது மணியும் கடந்து, தெஃபெரா கொண்டுவந்து வைத்த ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு தட்டில் ஆறி ஆடை கட்டியிருந்தது. யாரும் தொடவில்லை.

சலித்து நிமிர்ந்தபோது திரையின் மூலையில் மணி தெரிந்தது. நாலு நாற்பது. அவளுக்குள் ஏதோ சட்டென்று இளகியது. நாலு நாற்பதுதானே, இன்னும் முற்பகல்கூடத் தாண்டவில்லை, பதினொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. அப்பாடா என்று மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் இது தன் மார்க்கோ இல்லை என்பது உறைத்தது. உலகத்து நாலு நாற்பது. இங்கே பத்து நாற்பது. சாலைக்கு அந்தப் பக்கம் கோர்ட்டுக் காவலாளி நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வாசல் கதவின் ஒரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அந்தக் கதவு தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது. யெஷி திரும்பி அதைப் பார்த்தாள். பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாதது போல மெல்ல ஆரம்பித்தாள்.

"மழன்னா அப்படி ஒரு மழ. தலையில கதவு, அந்த ஆளு மூஞ்சியே தெரியல. கதவு நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்சேன். அந்த ஆளுக்குக் கோவம். மொதல்ல உள்ள எடுத்துட்டுப் போடின்னாரு. எடுத்து வெக்க வீடு ஏது அப்ப? நாலு கம்புதான் நட்டிருந்துச்சு..."

நிதானமாக, முதல் நாளிலிருந்து, எதையும் விடாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சீக்கிரம் என்று அஸ்னகெச்சால் சொல்ல முடியவில்லை. விரல்கள் தட்டத் தொடங்கின. யெஷி அவளையும் பார்க்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. "இங்க ஒதைக்கணும்" என்று சொல்லி, பிளாஸ்டிக் செருப்புப் போட்ட வலது காலால் தெஃபெராவின் மேசைக்காலின் அடியில், சரியாக ஓரிடத்தில், தட்டிக் காட்டினாள்.