பூ வேஷம் போட்ட நத்தை

நான் பல் டாக்டர். இல்லாத சொத்தையை இருக்கிறது என்று சொல்லி இதுவரை எவர் பல்லையும் நான் குடைந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையின் முடிவில் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். அடுத்தது, எனக்குச் சுத்தம் என்றால் கிறுக்கு. சாப்பிடுகிற ஸ்பூனைக் கூடக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி, அவனையும் கொதிக்க வச்சுதான் வீட்டுக்குள்ள விடுவே" என்பாள் அம்மா.

எங்கள் ஹாலில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் பவளத் தொட்டி இருக்கிறது. உப்புத் தண்ணீர், நீல விளக்கு, கல்லெல்லாம் உயிருள்ள பவளம். அதில் என் செல்லம் பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாக, விளிம்பில் குஞ்சம் வைத்து, கூட்டமாக விரியும். பார்க்கத்தான் பூ, ஒவ்வொன்றும் ஒரு பிராணி. வெளியிலிருந்து எந்தத் துண்டு வந்தாலும் மருந்துத் தண்ணீரில் முக்கி, அலசி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுவேன். விருந்தாளி பெட்டியோடு மூட்டைப்பூச்சி வருகிற மாதிரி, பவளம் தின்னும் பூச்சியெல்லாம் அப்படித்தான் வந்து சேரும்.

கிளினிக்கில் நாற்காலிக்கு நேர் மேலே, படுத்திருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி என் தொட்டியின் போட்டோவை ஒட்டியிருக்கிறேன். யாரும் அதை மதித்ததில்லை. கடைவாய்ப் பல் வலியோடு வந்த லிஃப்ட் மெக்கானிக் மட்டும் வாய் நிறையப் பஞ்சோடு விரலை மேலே நீட்டி "ஓ... ஓ..." என்றார். வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டேன். பஞ்சை எடுத்ததும் கோணிய வாயோடு அவர் சொன்னது: "பொத்தான் பவளம்! எங்கிட்டயும் இருக்கு டாக்டர்!"

இருந்தது. போனில் காட்டினார்: நடுவில் ஆரஞ்சு, குஞ்சம் பச்சை, என்னிடம் இல்லாத ரகம். அடுத்த முறை வரும்போது அதில் ஒரு துண்டைப் பையில் தண்ணீர் கட்டி, சூடு ஆறிவிடக் கூடாது என்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நான் பதிலுக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த என் ஊதா ரகத்தில் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் போன பிறகும் பையைப் பிடித்தபடியே நின்றேன். அடுத்து வந்தவர் வாயைத் திறந்துகொண்டு வெகுநேரம் காத்திருந்தார், பாவம்.

வீட்டுக்கு வந்து மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒருவர் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்ததைப் போய் மருந்தில் முக்குவார்களா? அப்படியே தொட்டியில் இறக்கினேன். நான் கழுவாமல் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அதுதான்.

என்ன ராசியோ, சும்மா மளமளவென்று வளர்ந்தது. புதிது புதிதாக ஆரஞ்சும் பச்சையும் முளைத்தன. தினமும் அவரைப் போனில் கூப்பிட்டு, "இன்னிக்கும் ஒரு புதுப் பூ!" என்று கூவுவேன்.

"உங்க கைராசி டாக்டர்."

"நான் குடுத்தது எப்படி இருக்கு?"

"அதுவா... அதுக்கென்ன, நல்லாதான் இருக்கு" என்பார். குரல் ஏனோ இழுக்கும்.

அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. "ஏண்டி, இந்தப் பூ நேத்து அந்தப் பக்கம்ல இருந்துச்சு?"

"உன் கண்ணாடியை மாத்தணும்மா."

"நடக்குதுடி!"

"பூ நடக்காதும்மா."

நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காபியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆரஞ்சுப் பூ எழுந்து, ஊர்ந்து, பக்கத்துப் பூவின் மேல் ஏறி, சாவகாசமாக அதைத் தின்ன ஆரம்பித்தது. எனக்குக் காபி புரையேறியது. ஓடில்லாத நத்தை! எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அதன் நிறமே அதன் முதுகில் ஏறிவிடும், குஞ்சம் கூட அச்சு அசலாக இருக்கும். இத்தனை நாள் புதுப் பூ, புதுப் பூ என்று நான் குதித்ததெல்லாம் நத்தையைப் பார்த்துத்தான்.

"என் கண்ணாடியை மாத்திடலாமா?" என்றாள் அம்மா.

கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியும் விட்டது. நத்தை வந்தது அவருடைய துண்டோடு. அப்படியென்றால் அவர் தொட்டியிலும் அது மேய்கிறது. சொல்லாவிட்டால் அவருடைய பவளமெல்லாம் மொட்டையாகிவிடும். சொன்னால்? நீங்க ஆசையாகக் கொடுத்ததில் பூச்சி இருந்தது என்று எந்த வாயால் சொல்வது? இன்னும் ஒரு நல்ல வார்த்தை கூட வாய்விட்டுப் பேசவில்லை, அதற்குள் எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொள்வதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போய்ச் சொல்லிட்டு வா. உன்கிட்ட மறைக்கத் தெரியாது, உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்" என்று செருப்பை எடுத்துப் போட்டாள் அம்மா.

கையுறை, வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, பல் சுரண்டும் ஊசி, மருந்து பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவருக்கு முழங்கை வரை ஈரம். உள்ளே விடாமல், வெளியேயும் வராமல், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் போல வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பக்கெட், அதிலிருந்து பவளம் முக்கும் மருந்தின் வாடை.

"அது என்ன பக்கெட்?"

"துணி... துணி ஊற வச்சிருக்கேன் டாக்டர்."

"அயோடின்லயா துணி ஊற வைப்பீங்க?"

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பக்கெட்டில் என் ஊதாத் துண்டு கிடந்தது. அதைச் சுற்றி ஊதா வேஷம் போட்ட நத்தைகள் சுருண்டு மிதந்தன.

"தப்பா நினைக்காதீங்க" என்று கெஞ்சினார். "நீங்க குடுத்த துண்டோட வந்துடுச்சு போல. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

"என் தொட்டியில இருந்தா?" என்றேன். கெஞ்ச வந்தவள் நான் என்பதே மறந்துபோனது. "என் தொட்டியில கை வைக்கறதுக்கு முன்னால நான் ஆபரேஷனுக்குக் கழுவற மாதிரி கழுவுவேன், தெரியுமா? உங்க ஆரஞ்சோடதான் வந்திருக்கு!"

"என்னோடதுலயா? என் தொட்டியில இதுவரைக்கும் ஒரு பூச்சி உண்டா? வந்து பாருங்க!"

"பார்க்கறேன்! அது சரி, நான் குடுத்ததை மருந்துல முக்காமலா உள்ள விட்டீங்க?"

சட்டென்று அடங்கிவிட்டார். "ஆமா."

"ஏன்?"

கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தார். "நீங்க குடுத்ததாச்சே" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க முக்குனீங்களா?"

ஸ்பூனைக் கொதிக்க வைக்கிறவள் நான். "இல்ல" என்றேன்.

முதலில் அவர் சிரித்தாரா, நான் சிரித்தேனா, தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலை சுற்றி, பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது யார் வீட்டு நத்தை என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அப்புறம் வேலையில் இறங்கினோம். அவர் கல்லைத் திருப்பிப் பிடிக்க, நான் குட்டிக் கண்ணாடியை அடியில் நுழைத்துப் பார்த்தேன். சுருள் சுருளாக வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன. மருந்துக்கு நத்தை சாகும், முட்டை சாகாது. ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பியது பொரித்துவிடும் என்பதால் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

"வாராவாரம் பார்க்கணுமா?" என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டபடி.

"வாராவாரம். ரெண்டு வீட்டுலயும்."

ஒரு வாரம் அவர் வீடு, ஒரு வாரம் எங்கள் வீடு. எங்கள் வீட்டு முறை வந்தால் அம்மா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றால் போதும், அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். நத்தைகளுக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதாகக் கூட எனக்குச் சந்தேகம் உண்டு.

வேண்டுதல் பலிக்கவில்லை. வர வர நத்தை குறைந்தது. பவளம் நிஜமாகவே வளர்ந்து கல்லை மூடியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஹாலில் அவர் கல்லைத் திருப்பிப் பிடிக்க, நான் சந்து பொந்தெல்லாம் கண்ணாடி விட்டுப் பார்த்தேன். நத்தையும் இல்லை, முட்டையும் இல்லை.

"முடிஞ்சுதா டாக்டர்?" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். இனி எதைச் சொல்லி வருவார்? எதைச் சொல்லி நான் கூப்பிடுவது? சமையலறையில் பாத்திரச் சத்தம் கூட நின்றுபோயிருந்தது.

கல்லை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இதோ, இந்த மூலையில... வெள்ளையா ஏதோ தெரியற மாதிரி..."

மணல். சுத்தமான ஒரு மணல் பருக்கை. நான் கண்ணாடியை வைத்து அதை வெகுநேரம் பார்த்தேன்.

"முட்டைதான்" என்றேன். "கெட்டியா ஒட்டியிருக்கு. லேசுல போகாது."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆயுசு பூரா ஆகும்னு சொல்லித் தொலையேன்டி!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சரிங்க அத்தை" என்றார் லிஃப்ட் மெக்கானிக், அந்த மணல் உதிர்ந்துவிடாமல் கல்லைப் பதமாகத் தண்ணீரில் இறக்கியபடி.